ஆமாய்யாவுக்கு ஒரு கடலை மிட்டாய்

மாரிக்கனிக்கு 'சரி' என்று சொல்ல வராது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். "இன்னைக்கு ஒரு மணி நேரம் கூட ஓட்டேன் மாரி" என்று முதலாளி வீரணன் கேட்டால், "முடியாது" என்பாள். அப்புறம் அவளாகவே ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போவாள். வீரணனுக்கு இது பழகிவிட்டது. அவள் ஒரு நாள் சரி என்று சொல்லியிருந்தால்தான் உடம்புக்கு என்னவோ என்று பயந்திருப்பார்.

கல்யாணம் நின்றதும் இந்த வாயால்தான். தளவாய்புரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் வடையும் காபியும் சாப்பிட்டு முடிக்கிறவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. "தம்பிக்காரனை எங்கயாச்சும் ஹோம்ல சேத்துட்டா நமக்கும் தொந்தரவு இல்ல" என்று மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். மாரிக்கனி அந்த அம்மாளின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "காபி குடிச்சாச்சுல்லா? பஸ் ஸ்டாண்டுக்கு நேரா போயி இடது கை பக்கம் திரும்புங்க" என்றாள். அத்தோடு முடிந்தது கதை. இன்றைக்கு அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த டம்ளரைக் கீழே வைத்ததற்காக ஒரு நாளும் அவள் வருத்தப்பட்டதில்லை.

தம்பி பேர் சின்னக்கருப்பன். முப்பத்து நாலு வயசு. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், மீசை கூட வைத்திருக்கிறான். ஆனால் சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாகப் போடுவான். பத்துக்கு மேல் எண்ண வராது. அக்காவோடு காலையில் பஸ் ஏறித் தறிக்கூடத்துக்கு வருவான், மடித்த துணியைக் கட்டாகக் கட்டுவான், சாயங்காலம் அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாகத் திரும்பிப் போவான். தெருவில் எவனாவது "வெகுளி" என்றோ "லூசு" என்றோ சொல்லிவிட்டால் போதும், மாரிக்கனி விளக்குமாற்றோடு இறங்கிவிடுவாள். "என் தம்பிக்கு என்னலே கொறைச்சல்? நீ ஒழுங்கா? ஒன் வீட்டு லட்சணத்தை நான் சொல்லட்டா?" ராஜபாளையத்தில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆண்பிள்ளை கிடையாது.

யாருக்கும் தலையாட்டாத இந்த அக்காதான், தம்பிக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டக் கற்றுக்கொடுத்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவனுக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஒரு பொங்கல் திருவிழா. உறுமி அடிப்பவர் பக்கத்தில் போய் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தான். கூட்டத்தை ஒதுக்க வந்த ஒரு காக்கிச்சட்டை, "தள்ளுலே" என்றது. இவன் "மாட்டேன்" என்றான். இன்னொரு தடவை "தள்ளுலே". இன்னொரு தடவை "மாட்டேன்". விழுந்த அறையில் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை.

அவர்களுடைய அப்பா நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்து செத்துப்போனவர். அவருடைய காக்கிச் சட்டை ஒன்று பெட்டியில் கிடந்தது. மாரிக்கனி அதை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். கையில் ஒரு குச்சி. "ஏலே, நீதான செஞ்ச?" என்று அதட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான். "ஆமாய்யான்னு சொல்லு. அப்பத்தான் அடிக்க மாட்டாவ" என்றாள். சொன்னான். சொன்னதும் கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்தாள். மறுநாளும் சட்டை, குச்சி, கேள்வி, மிட்டாய். மூன்று மாதம் இப்படியே. 'மாட்டேன்' என்ற சொல் அவன் வாயிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. காக்கியைக் கண்டால், இல்லை, கொஞ்சம் குரலை உயர்த்தி யார் எதைக் கேட்டாலும், "ஆமாய்யா" என்று சொல்லிவிட்டு வலது கையை நீட்டுவான். இனி என் தம்பியை ஒருத்தனும் அடிக்க மாட்டான் என்று அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள்.

பதினெட்டு வருடம் கழித்து அது திரும்பி வந்து நின்றது.

போன ஆடி மாதம். வில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடி நிலைக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சத்திரப்பட்டியில் அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் கட், தறிக்கூடம் லீவு. லீவு என்றால் சின்னக்கருப்பன் மலைப்பக்கத் தோப்புகளைப் பார்த்து நடந்துவிடுவான். பம்புசெட்டுக் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க அவனுக்கு அப்படி ஒரு ஆசை. உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பார்ப்பான். அன்றைக்கு அவன் வில்லிபுத்தூர் எல்லை வரைக்கும் போய்விட்டான். போன இடத்தில் தண்ணீர் கொட்டவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக எவனோ மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போயிருந்தான். திருடன் விட்டுப் போன முழ நீளத் துண்டு ஒன்று கீழே கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்தான் இவன். தோப்புக்காரர் வந்தார், நாலு பேர் வந்தார்கள், பிறகு ஜீப் வந்தது.

அன்றைக்குப் பூராவும் தம்பியைத் தேடி மாரிக்கனியின் கால் தேய்ந்துபோயிற்று. மறுநாள் காலையில் அவள் அழுத முகத்தோடு வீரணனிடம் ஆள் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது, போலீஸ்காரர் ஒருவர் தறிக்கூடத்துக்குள் வந்தார்.

"இங்க மாரிக்கனி யாரு?"

"நாந்தான். எந்தம்பி கெடச்சானா?"

"கெடச்சான். ஒயர் திருடுனத ஒத்துக்கிட்டான். கூட்டாளி யாருன்னு கேட்டா, 'யக்கா'ங்கான். அது நீதான?"

தறிச்சத்தத்தில் அவளுக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்தாள். "ஆமா, நாந்தான் கூட்டாளி. தோசை சுடும்போது கூட்டாளி, குளிப்பாட்டும்போது கூட்டாளி. அவன்கிட்ட இந்த மலையைத் தூக்கிட்டு வந்தது யாருன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கும் யக்கான்னுதான் சொல்லுவான்." வீரணன் நடுவில் வந்து, அவள் ராத்திரி எங்கேயும் போகிறவள் இல்லை என்று சொல்லி ஆளை அனுப்பிவைத்தார்.

அவள் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு ஒயருக்கு ஆமாய்யா சொன்னவனிடம், முடியாமல் கிடந்த இன்னும் இரண்டு கேஸைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆமாய்யா. ஒவ்வொரு தடவையும் கையை நீட்டியிருக்கிறான், பீடி கேட்கிறான் என்று நினைத்து அதட்டியிருக்கிறார்கள். மூன்று காகிதத்திலும் அவனுடைய கைநாட்டு. கோர்ட்டில் நிறுத்தி, கிளைச்சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

உக்கிரபாண்டி அவளுடைய தாய்மாமன் மகன். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். விஷயம் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கெட்ட மனுஷன் இல்லை, உண்மையாகவே உதவத்தான் வந்தார்.

"இந்தா பாரு ஏட்டி, நான் சொல்லுதத செத்த நேரம் வாயை மூடிட்டுக் கேளு. ஜாமீனு கேட்டா ஒரு கேசுல கெடைக்கும், மத்த ரெண்டுல உள்ளயே கெடப்பான். சார்ஜ் ஷீட்ட சீக்கிரம் போடச் சொல்லுதேன். அன்னைக்கு ஜட்ஜய்யா கேக்கும்போது ஒத்துக்கிட்டான்னு வையி, உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சிருவாவ. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவான். அவன்தான் எப்படியும் ஆமாம்பான். நமக்கு வேலையே இல்ல."

"செய்யாத திருட்ட எதுக்கு அத்தான் ஒத்துக்கணும்?"

"ஆள் வெளிய வரணுமா, வேண்டாமா?"

"வரணும். திருடனா வரக்கூடாது."

"ஏட்டி, அவனுக்கு என்ன கவர்மென்ட் உத்தியோகமா போயிரப் போவுது? பேரு கெட்டா என்ன?"

இந்த வார்த்தைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கு பேரு ஒண்ணுதான் அத்தான் இருக்கு. வீடு இல்ல, வாசல் இல்ல, பொண்டாட்டி பிள்ளை இல்ல. இன்னைக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் வீட்டுல கோழி காணாமப் போனாலும் இவனத்தான் வந்து அள்ளிட்டுப் போவாவ. நான் செத்த பொறவு யாரு கேப்பா? முடியாது." உக்கிரபாண்டி தலையில் அடித்துக்கொண்டு வண்டியை உதைத்தார்.

சொல்லிவிட்டாளே தவிர, தம்பியைப் பார்க்காமல் அவளுக்கு இருக்க முடியவில்லை. சிறையில் மனு போட்டுப் பார்க்கப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பொத்தான் சரியாகப் போட்டிருந்தது, வேறு யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள். "யக்கா, வீடு" என்றான். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. "வாரேன், கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "ஆமாய்யா" என்றான், அவளைப் பார்த்து. கையை நீட்டினான். மிட்டாய் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அத்தானுக்கு ஒரு போன் போட்டுச் சரி என்று சொன்னால் போதும், அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். போனை எடுத்தாள். நம்பரைக்கூடத் தேடி வைத்தாள். பிறகு போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறாமல், வில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

அங்கே இலவச சட்ட உதவி மையத்தில் பிளஸ்ஸி என்ற வக்கீல் இருந்தாள். வயது முப்பதுகூட இருக்காது. மேஜையில் ஒரு டிபன் பாக்ஸ், பக்கத்தில் ஒரு மலை உயரத்துக்குக் கட்டுகள். மாரிக்கனி சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"அக்கா, சட்டத்துல இதுக்கு வழி இருக்கு. மனநலம் சரியில்லாதவங்க, அறிவு வளர்ச்சி குறைஞ்சவங்க, இவங்களால தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியாதுன்னா, மத்தவங்களை மாதிரி கூண்டுல ஏத்தி விசாரிக்கக் கூடாது. முதல்ல டாக்டர் பார்க்கணும். அவர் ஆமான்னு ரிப்போர்ட் கொடுத்தா, விசாரணையை நிறுத்தி வச்சு வீட்டாள்கிட்ட ஒப்படைப்பாங்க. கேஸ்ல சரக்கே இல்லன்னா, அவரைக் கேள்வி கேக்காமலேயே விடுவிக்கலாம்."

"அப்பச் செய்யுங்க வக்கீலம்மா."

"தம்பியோட ஊனமுற்றோர் அடையாள அட்டை இருக்கா? அதுல எத்தனை சதவீதம்னு போட்டிருப்பாங்களே."

அட்டை வாங்க மாரிக்கனி போகாமல் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்பு ராஜபாளையத்தில் ஒரு முகாம் நடந்தது. எல்லோரும் சொன்னார்கள் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பையன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதி அதற்கு நேரே டிக் அடித்தான். "என்னலே எழுதுன? குன்றியவரா? யாரு குன்றியவரு?" என்று அந்தப் படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்து அவன் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தவள் இவள்தான். இப்போது எட்டு வருடம் கழித்து அதே துண்டுக் காகிதம் அவளுக்கு வேண்டும்.

"கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள்.

பிளஸ்ஸி கோபப்படவில்லை. "மனு நான் போடுறேன். ஆனா அன்னைக்கு நீதிபதி உங்களைக் கேட்டா, நீங்களே வாயால சொல்லணும்க்கா. நீங்க 'என் தம்பிக்கு ஒண்ணும் இல்ல'ன்னு நின்னா, என் மனுவுக்கு மதிப்பு கிடையாது" என்றாள்.

"அத மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

"சொல்லித்தான் ஆகணும்க்கா."

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் வார்த்தைக்கு மேல் நாக்கு எழவில்லை.

ஆவணியில் அந்த நாள் வந்தது. கோர்ட் நிறைய ஆட்கள். டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார், சின்னக்கருப்பன் கூண்டில் ஏற்றப்பட்டான். அவன் கண் அக்காவைத் தேடியது. கடைசி பெஞ்சில் அவளையும் உக்கிரபாண்டியையும் கண்டுபிடித்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜலதோஷம், கைக்குட்டையும் பேனாவும் மாறி மாறி. பிளஸ்ஸி எழுந்து மனுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "முதலில் குற்றச்சாட்டைச் சொல்லிவிடலாம், மனுவைப் பிறகு பார்ப்போம்" என்றார் அவர். தலை நிமிரவில்லை. ஒயர் திருடியதாகச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஆமாய்யா."

நீட்டிய கை கூண்டுக் கம்பிக்கு வெளியே வந்தது. உக்கிரபாண்டி மாரிக்கனியின் பக்கம் சாய்ந்து, "பேசாம இருட்டி. இன்னும் அஞ்சு நிமிசம். முடிஞ்சிரும்" என்றார். நிஜம்தான். இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலம் அவனுக்கு வீட்டில் தோசை சுட்டுப் போடலாம்.

நீதிபதி முதல் தடவையாக நிமிர்ந்தார். "எதுக்குக் கையை நீட்டுறார்?"

யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர், "பீடி கேப்பாங்கய்யா" என்றார்.

"மிட்டாய் கேக்காங்கய்யா!"

கோர்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாரிக்கனி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா, உக்காரு" என்று பெஞ்ச் கிளார்க் அதட்டினார்.

"உக்கார மாட்டேன். கடலை மிட்டாய் கேக்கான். ஆமாய்யான்னு சொன்னா மிட்டாய் கெடைக்கும்னு நாந்தான்யா பழக்குனேன். எங்கய்யா காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கையில குச்சிய வச்சுக்கிட்டு, மூணு மாசம் பழக்குனேன். இல்லன்னு சொன்னா அடிப்பாவன்னு பயந்து பழக்குனேன். தப்பு என் மேலதான். நம்பாட்டா, போன மாசம் ஓடுன ஆண்டாள் தேரைத் தூக்கிட்டுப் போனது யாருன்னு அவன்கிட்டக் கேளுங்க."

பிளஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி கைக்குட்டையை மடித்து வைத்தார். கொஞ்ச நேரம் சின்னக்கருப்பனையே பார்த்தார். அப்புறம் குரலை உயர்த்தாமல் கேட்டார். "ஆண்டாள் கோயில் தேரைத் தூக்கிட்டுப் போனது நீதானா?"

"ஆமாய்யா." கை நீண்டது.

"எங்க வச்சிருக்க?"

அவன் யோசித்தான். "வீட்ல."

"கூட யார் வந்தா?"

"யக்கா."

கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தார், வக்கீல்கள் சிரித்தார்கள், கூண்டில் நின்றவனும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சேர்ந்து சிரித்தான். மாரிக்கனி சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு உடம்பு கொதித்தது. "என்ன சிரிப்பு? இதே வாய்தான அங்கயும் ஆமான்னு சொல்லுச்சு. அத எழுதிக் கைநாட்டு வாங்கும்போது ஒருத்தரும் சிரிக்கலயே!"

சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க யாரும்மா?" என்றார் நீதிபதி.

"கூடப் பொறந்தவய்யா."

"தம்பிக்கு என்ன பிரச்சினை? சொல்லுங்க."

வந்துவிட்டது. அவள் கூண்டைப் பார்த்தாள். அவனுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் அந்தச் சொல்லைச் சொன்னவர்களை எல்லாம் விளக்குமாற்றால் துரத்தியவள், இப்போது ஊருக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டும். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எந்தம்பிக்கு மூளை வளர்ச்சி கிடையாதுய்யா" என்றாள். "ஆளுதான் முப்பத்து நாலு வயசு. அறிவு நாலு வயசுப் பிள்ளைக்கு உள்ளதுதான். நீங்க கேக்குறது எதுவும் அவனுக்குப் புரியாது. நான் இத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, இன்னைக்குத்தான் சொல்லுதேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா அவன் திருடன் கிடையாது. அதையும் சேத்து எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க."

நீதிபதி எழுதினார். அந்த ஒப்புதலை ஏற்க முடியாது என்றும், சின்னக்கருப்பனை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரும் உளவியலாளரும் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்றும், அதுவரை மூன்று வழக்கிலும் அக்காவின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் உத்தரவு போட்டார். "பத்திரமாப் பாத்துக்குவீங்களா?" என்று அவளைக் கேட்டார். பிளஸ்ஸி பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்திராவிட்டால், இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டது யார் என்று மாரிக்கனி நீதிபதியையே கேட்டிருப்பாள்.

விருதுநகர் அரசு மருத்துவமனைக்கு நாலு நடை நடந்தார்கள். உளவியலாளர் கட்டைகளை அடுக்கச் சொன்னார், படம் காட்டினார், கேள்வி கேட்டார். மாடு பறக்குமா என்று கேட்டதற்கு ஆமாய்யா. மாடு பறக்காதுதானே என்று கேட்டதற்கும் ஆமாய்யா. அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மாரிக்கனியைத் தனியாகக் கூப்பிட்டார். 'இல்லை' என்று சொல்ல இவனுக்குப் பழக்க முடியுமா என்று அவள் கேட்டாள். வீட்டில் அதே காக்கிச் சட்டையைப் போட்டு, அதே குச்சியை வைத்து, 'இல்லய்யான்னு சொல்லு, மிட்டாய் தாரேன்' என்று பழக்கிப் பார்த்ததாகவும், அவன் 'ஆமாய்யா' என்று சொல்லிவிட்டு மிட்டாய்க்கு அழுததாகவும் சொன்னாள்.

"சட்டையை முதல்ல தூரப் போடுங்க" என்றார் அவர். "மிட்டாயைப் பதிலுக்குக் கொடுக்காதீங்க. சும்மா கொடுங்க. அவர் எதுவும் சொல்லாதப்ப கொடுங்க. வேண்டாம்னு தலையாட்டினா, திட்டாம விட்டுருங்க. திட்டுறதை முதல்ல நீங்கதான் நிறுத்தணும்."

கடைசி ஆலோசனை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் செய்தாள். காக்கிச் சட்டையைக் கிழித்துத் தறிக்கு எண்ணெய் துடைக்கிற துணியாக்கினாள். காலையில் ஒரு மிட்டாய், மதியம் ஒரு மிட்டாய், எந்தக் கேள்வியும் கிடையாது. "குளிக்கியா? இல்ல பொறவு குளிக்கியா?" என்று அவனிடம் யோசனை கேட்டாள். முதல் மாதம் எதற்கும் பதிலே இல்லை. அவன் அவள் முகத்தையே பார்ப்பான், எது சொன்னால் அடி விழாது என்று தேடுகிற மாதிரி. அந்தப் பார்வையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு வெந்தது.

தை மாதத்தில் அறிக்கையோடு வழக்கு வந்தது. இந்தத் தடவை கூண்டு இல்லை. அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூன்றாவது வழக்கில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்ததாக எழுதியிருந்தது. பிளஸ்ஸி அதை வாசித்துக் காட்டிவிட்டு, "இதை நம்புவதற்கு நாலு ஆள் வேண்டும் ஐயா, தூக்குவதற்கும் நாலு ஆள் வேண்டும்" என்றாள். இரண்டாவதில் அவன் கைநாட்டைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. முதலாவதில் முழ நீளத் துண்டு ஒயர். ஆதாரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மூன்றிலிருந்தும் விடுவிக்கிறேன் என்றார் நீதிபதி.

வாசலில் உக்கிரபாண்டி, "நீ சொன்னதுதான் நடந்துச்சு ஏட்டி. நான் சொன்னபடி கேட்டிருந்தா கெட்டுத்தான் போயிருக்கும்" என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதான் கேக்கல" என்றாள் மாரிக்கனி.

விடுவித்தால் மட்டும் ஆயிற்றா? போலீசின் பழைய பட்டியலில் பேர் இருந்ததே. பங்குனியில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மோட்டார் காணாமல் போயிற்று. முதலில் வந்த அதே போலீஸ்காரர் தறிக்கூடத்துக்கு வந்தார். மிட்டாய்க் கதை ஊர் பூராவும் பரவியிருந்தது. சட்டைப் பையில் ஒரு கடலை மிட்டாயோடு வந்திருந்தார் மனுஷன். கேலிக்குத்தான்.

அவர் நேராகச் சின்னக்கருப்பனிடம் போனார். கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து காக்கியைப் பார்த்தான். மாரிக்கனி தன் தறியை விட்டு நாலு எட்டு வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். இன்றைக்கு நான் பேசினால், நாளைக்கும் நான்தான் பேச வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீரணன் ஒரு தறி பத்து நிமிடம் நின்றாலே மூக்கால் அழுகிறவர். அவர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பன்னிரண்டு தறியும் நின்றன. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை.

"என்னலே கருப்பா, மோட்டாரை நீதான தூக்குன?" என்றார் போலீஸ்காரர். மிட்டாயை எடுத்து அவன் கண் முன்னால் நீட்டினார்.

அவன் மிட்டாயைப் பார்த்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. அவன் கையை நீட்டி மிட்டாயை வாங்கினான். காகிதத்தைப் பிரித்தான். வாயில் போட்டுக் கடித்தான். நன்றாக மென்றான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இல்ல" என்றான்.

"என்னது?"

"இல்ல." இன்னும் கொஞ்சம் மென்றான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அறை வாங்கி விழுங்கின சொல் அவன் வாயிலிருந்து மிட்டாய்த் தூளோடு வெளியே வந்தது. "மாட்டேன். போ."

போலீஸ்காரர் திரும்பி மாரிக்கனியைப் பார்த்தார். "என்ன பாக்கீக?" என்றாள் அவள். குரல் உடைந்துதான் வந்தது, கண்ணீரும் வந்தது, அவள் துடைக்கவில்லை. "அவந்தான் சொல்லிட்டாம்லா. எழுதிக்கோங்க. ஆமாய்யான்னா உடனே எழுதுவீகல்லா, இதையும் எழுதுங்க."

அவர் போன பிறகு வீரணன் சுவிட்சைப் போட்டார், தறிகள் ஓடின. சாயங்காலம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "ஏலே, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மாரிக்கனி கூப்பிட்டாள். சின்னக்கருப்பன் கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மாட்டேன்" என்றான்.

அவள் கை ஓங்கிக்கொண்டு போனாள். பாதி வழியில் கையை இறக்கினாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மணி பஸ் போயிற்று, ஆறரை மணி பஸ்ஸும் போயிற்று. இருபத்தெட்டு வருடத்தில் அவள் பஸ்ஸை விட்டது அன்றைக்குத்தான்.